புல்தரை வந்த கதை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கண்மாய்க் கரைகளில் ஆடுகள் அருகம்புல்லை ஒட்ட மேய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வீட்டின் முன் புல்தரை வளர்க்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டிய காட்சி இதுதான். ஏனெனில், புல்தரையின் வரலாறே மேய்ச்சலில்தான் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் ஆண்டு முழுவதும் பரவலாக மழை பெய்யும். வெயிலின் கடுமையும் குறைவு. எனவே, செல்வர்களின் மாளிகைகளைச் சுற்றிப் புல் எளிதில் செழித்தது. அதை ஆடுகள் மேய்ந்தன. அல்லது ஆட்கள் நீண்ட பிடியுள்ள அரிவாளால் அறுத்தனர். பல ஆட்களை அமர்த்த முடிந்தவர்களுக்கே சீரான புல்தரை கிட்டியது.

இந்நிலையை மாற்றியவர் எட்வின் பட்டிங் என்னும் பொறியாளர். ஸ்ட்ரௌட் பகுதியின் கம்பளி ஆலைகளில், துணியின்மேல் எழுந்து நிற்கும் இழைகளை ஓர் உருளை இயந்திரம் சீராகக் கத்தரிப்பதை அவர் கண்டார். இழையை வெட்டும் உருளை புல்லை வெட்டாதா? 1830-ஆம் ஆண்டு அவர் புல்வெட்டும் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் உருளையில் வளைந்த கத்திகள். கீழே அசையாத ஒரு கத்தி. இரண்டுக்கும் இடையே சிக்கும் புல், கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் துண்டாகிறது. அதன்பின் புல்தரை நடுத்தர மக்களின் வீடுகளுக்கும் வந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியோடு அது இந்தியாவிற்கும் வந்தது. 1899 முதல் 1905 வரை வைசிராயாக இருந்த கர்சன் பிரபு, தாஜ்மகால் தோட்டத்தில்கூட அடர்ந்த மரங்களைக் குறைத்துப் புல்தரை விரிக்கச் செய்தார்.

ஆனால், குளிர்நாட்டுப் புல்வகைகள் நம் சமவெளி வெயிலைத் தாங்குவதில்லை. இங்கே கைகொடுப்பது அருகு. அமெரிக்காவில் ‘பெர்முடா புல்’ என்ற பெயரில் விளையாட்டுத் திடல்களில் வளர்க்கப்படுவதும் இதுவே.

அருகுபோல் வேரூன்றி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகிறோம் அல்லவா? அந்த வாழ்த்தில் அறிவியல் உண்டு. தரையில் படரும் தண்டின் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். மண்ணுக்கடியிலும் தண்டு ஓடும். மேலே எவ்வளவு மேய்ந்தாலும் கீழேயுள்ள மொட்டுகள் துளிர்க்கும். மேலும், ஹாட்ச், ஸ்லாக் என்னும் அறிவியலார் 1966-இல் கரும்பில் விளக்கிய தனிவகை ஒளிச்சேர்க்கை அருகிலும் நடைபெறுகிறது. அதனால், கடும் வெயிலிலும் குறைந்த நீரைக் கொண்டு அது உணவு தயாரிக்கிறது.

இனி ஒரு கணக்கு. 1 சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. உயரத்திற்கு நீர் நிற்க 1 லிட்டர் தேவை. கோடையில் நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் ஆவியாகிறது எனக் கொண்டால், 100 சதுர மீட்டர் புல்தரையைப் பசுமையாக வைத்திருக்க நாள்தோறும் 500 லிட்டர் வேண்டும்! வற்றாத ஆறு ஓடாத, பருவமழையைக் கண்மாய்களில் தேக்கி வாழும் மாவட்டத்தில் இது சிறிய செலவா?

ஆகவே, சிறிய அளவில், நல்ல வெயில் படும் இடத்தில் தரையை அமையுங்கள். புரட்டாசி, ஐப்பசி மழையில் கணுவுள்ள அருகந்தண்டுகளை நடுங்கள். வெட்டும்போது ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதீர்கள். கோடையில் புல் பழுப்பேறினால் அஞ்ச வேண்டாம். அது சாகவில்லை, உறங்குகிறது. அடுத்த மழையில் கண்மாய்க் கரை பசுக்கும்போது உங்கள் முற்றமும் பசுக்கும்.