செட்டிகுளத்துத் துவிச்சக்கரவண்டியும் அதன் ஒற்றைப் பல்விகிதமும்

மதவாச்சியிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் பெருவீதியிலே, வவுனியா மாவட்டத்தின் மேற்கே அமைந்துள்ளது செட்டிகுளம். இப்பகுதியின் போக்குவரத்தை ஆராய்வோர் 1914இல் தலைமன்னாரைச் சென்றடைந்த புகையிரதப் பாதையைக் கூறத் தவறுவதில்லை. வயலுக்கும் வீட்டுக்குமிடையே மூடை சுமந்த துவிச்சக்கரவண்டியோ வரலாற்றேடுகளில் இடம்பெறுவது அரிது.

ஆதியிலே தோன்றிய பெருஞ்சில்லு வண்டியில் மிதி, முன்சில்லின் அச்சுடன் நேரே பிணைக்கப்பட்டிருந்தது. சில்லு பெரிதானால் வேகமும் பெரிதாகும். ஆனால் ஓட்டுபவனின் கால்நீளத்துக்கு மேல் அது வளர முடியாது. 1880இல் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் றெனோல்ட் ஆக்கிய உருளைச்சங்கிலியும், 1885இல் வெளிவந்த ஸ்ரார்லியின் 'றோவர்' வண்டியும் இத்தளையை அறுத்தன. அப்போதும் சில்லு சுழலும்வரை மிதியும் சுழன்றுகொண்டேயிருந்தது. 1900ஐ அண்டிப் 'பிறீவீல்' பரவிய பின்னரே கால் ஓய்வு பெற்றது. ஓட்டப்போட்டி மைதானங்களில் பழைய நிலைப்பல் முறை இன்றளவும் நின்று நிலவுகின்றது.

எனினும் ஊர்ப்புற வண்டிக்கு எஞ்சியது ஒரே பல்விகிதம். அதனைத் தெரிவதே முழு வினாவும் எனலாம். முன்பற்களைப் பின்பற்களால் வகுத்து, சில்லின் விட்டத்தாற் பெருக்குவது வழக்கம். 28 அங்குலச் சில்லும் முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களுமாயின் வருவது ஏறத்தாழ 68. மிதி ஒருமுறை சுழல வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் செல்லும். பின்பற்களை 22 ஆக்கின் 56 ஆகக் குறையும். தூரம் நாலரை மீற்றராகச் சுருங்கினும், காலுக்கு வேண்டிய விசை ஐந்திலொரு பங்களவு தணியும். செட்டிகுளத்தில் மலையில்லையே, இது எதற்கு என்று கேட்கலாம். கிறவல் வீதியின் மணலும், எதிர்த்து வீசும் சோளகக் காற்றும், பின்னிருக்கும் நெல்மூடையும் மேட்டுநிலத்துக்குச் சளைத்தவையல்ல.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பிரதேசங்களுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டது. தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றுபோனது. பாதை மடுவரை மீளத் திறக்கப்பட்டது 2013இலேயே. இடைப்பட்ட காலத்தில் வன்னியின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கின மிதிப்பவரின் காலும், அரை அங்குலக் கண்ணிகள் கோத்த அச்சங்கிலியும்.

அச்சங்கிலியின் அகலமும் கருதற்பாலது. ஒற்றைப்பல் வண்டிக்குரியது எட்டிலொரு அங்குலம். பல கியர் வண்டிக்குப் பழைய அளவு முப்பத்திரண்டில் மூன்றங்குலம். சங்கிலி பல்லுக்குப் பல் தாவவேண்டிய வண்டிக்கே ஒடுக்கம் தேவை. தாவாத வண்டிக்கு அதனால் ஆதாயமில்லை. அகன்ற பற்சில்லில் உருளை கூடிய பரப்பில் அமர்வதால் தேய்வு பரந்து விழும். இவற்றினும் முக்கியமானது வேறொன்று: அகன்ற சங்கிலி ஒடுங்கிய பல்லிலும் ஓடும், ஒடுங்கிய சங்கிலியோ அகன்ற பல்லில் ஏறாது. உதிரிப்பாகம் கிடைப்பதே அரிதான ஊரில், கைக்கெட்டிய பற்சில்லு எதுவாயினும் அதிற் பூட்டக்கூடியது அகன்ற சங்கிலி ஒன்றே.