வேர் பிடித்த அன்பளிப்புகள்

பெருநாள் வருகிறதென்றால் நம் இல்லங்களில் கொடுத்து மகிழ்வதற்குக் குறைவிராது. பிள்ளைகளுக்குப் புத்தாடை, சிறார் கையில் பெருநாள் காசு, சம்பந்தி வீட்டாருக்கு இனிப்பும் பழங்களும், ஏழை எளியவர்க்குப் பித்ரா அரிசி என ஒவ்வொன்றும் முறைப்படி நடந்தேறும். இந்த வரிசையில் ஒரு செடியோ, விதையோ, மரக்கன்றோ இடம்பெறுவதை நாம் அரிதாகவே காண்கிறோம். ஆயினும், இஸ்லாமிய வரலாற்றின் ஏடுகளைப் புரட்டுவோர் பசுமையான பரிசுகள் பலவற்றை அங்கே சந்திப்பர். அவை யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றன, சென்றபின் என்னவாயின என்று ஆராய்ந்தால், கொடுப்பதன் இலக்கணமே நமக்கு விளங்கிவிடும்.

நறுமணச் செடி ஒன்றை எவரேனும் கொடுத்தால் அதனை மறுத்தலாகாது என்றும், அது சுமப்பதற்கு இலேசானது, மணத்தால் இனியது என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக ஸஹீஹ் முஸ்லிம் நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. அங்கே ஆளப்பட்ட சொல் ‘ரைஹான்’ என்பது. மணமுள்ள பச்சிலைகள் அனைத்தையும் குறிக்கும் அச்சொல், வழக்கில் நம்மூர்த் திருநீற்றுப்பச்சையைச் சுட்டும். நம் வீட்டுப் பெண்கள் சர்பத்தில் ஊறவைத்துச் சேர்க்கும் சப்ஜா விதை அச்செடியின் விதைதான். இந்நபிமொழியில் பெறுவோர்க்கு உரைக்கப்பட்ட அறிவுரைக்குள் கொடுப்போர்க்கும் ஒரு குறிப்பு அடங்கியிருக்கிறது. பெறுபவர் மேல் பாரமாக இறங்காத பொருளே நல்ல அன்பளிப்பு என்பது அது.

இனி, மதீனத்து மண்ணில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். பாரசீகத்தில் பிறந்து, மெய்ந்நெறி தேடி நாடு நாடாக அலைந்து, இறுதியில் அடிமையாக விற்கப்பட்டு மதீனா வந்து சேர்ந்தவர் ஸல்மான் பார்ஸி (ரலி). விடுதலைக்கு ஈடாக 300 பேரீச்சங் கன்றுகளை நட்டுக் கொடுக்கவேண்டும், அத்துடன் 40 ஊக்கியாப் பொன்னும் அளிக்கவேண்டும் என்று அவருடைய உரிமையாளர் நிபந்தனை விதித்தார். கையில் காசில்லாத அடிமை 300 கன்றுகளுக்கு எங்கே போவார்? ‘உங்கள் சகோதரருக்கு உதவுங்கள்’ என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் 30 கன்றுகள் கொணர்ந்தார், மற்றொருவர் 20, வேறொருவர் 15, இன்னொருவர் 10. அவரவர் வசதிக்கேற்ப வந்து குவிந்த கன்றுகள் 300 ஆயின.

அத்துடன் கதை முடிந்திருந்தால் அது ஈகையின் வரலாறாக மட்டும் நின்றிருக்கும். குழிகளைத் தோண்டும்படி ஸல்மானை நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தோழர்களும் தோண்டுவதில் துணை நின்றனர். குழிகள் ஆயத்தமானதும் அண்ணலார் தாமே வந்து, தம் திருக்கரங்களால் கன்றுகளை நட்டார்கள். அவற்றுள் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அவர்களே பிற்காலத்தில் எடுத்துரைத்தார்கள். பொன்னும் பின்னர்க் கிடைத்தது, அடிமைத்தளை அறுந்தது. கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப் போரில் அவர் சுதந்திர மனிதராய்ப் பங்கு கொண்டார். நட்டுத் தரவேண்டிய இடத்தில் கன்றை மட்டும் கொடுத்து ஒதுங்கியிருந்தால் ஸல்மானின் துயர் தீர்ந்திராது. கொடுத்தவர்களின் கைகளில் மண் ஒட்டியதால்தான் ஒரு மனிதர் விடுதலை பெற்றார்.

அதே மதீனாவில் அபூதல்ஹா (ரலி) என்னும் அன்சாரித் தோழர் இருந்தார். பேரீச்சந் தோட்டங்களால் செல்வம் மிக்கவர். அவற்றுள் அவர் உயிரென நேசித்தது, பள்ளிவாசலுக்கு எதிரே அமைந்த ‘பைருஹா’ என்னும் தோட்டம். அதன் இனிய நீரை நாயகம் (ஸல்) அவர்கள் சென்று பருகுவது வழக்கம். நேசிக்கும் பொருளிலிருந்து கொடுக்காதவரை நன்மையை அடையமுடியாது என்னும் கருத்தமைந்த திருமறை வசனம் (3:92) இறங்கியபோது, அத்தோட்டத்தையே இறைவனுக்காக வழங்கிவிட அவர் முன்வந்தார். அண்ணலார் அவரைப் பாராட்டி, அதனை அவருடைய உறவினர்களுக்குப் பங்கிடுமாறு வழிகாட்டினார்கள். மிக விருப்பமான பொருள், மிக நெருங்கிய சுற்றத்துக்கே சென்றது. குடும்பத்தார்க்குக் கொடுப்பதும் அறமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்து ஸ்பெயின் நாட்டுக்குச் செல்வோம். கி.பி. 750இல் ஷாம் நாட்டில் உமையா அரசு வீழ்ந்தது. அக்குலத்தின் இளவல் அப்துர் ரஹ்மான் உயிர் தப்பி, மேற்கே நெடுந்தொலைவு ஓடி, 756இல் குர்துபா நகரில் அரியணை ஏறினார். நாடு கிடைத்தும் பிறந்த மண்ணின் ஏக்கம் தீரவில்லை. தம் பாட்டனார் கலீபா ஹிஷாம் ஷாமில் எழுப்பிய ‘ருஸாஃபா’வின் பெயரையே சூட்டிக் குர்துபாவின் அருகே ஒரு மாளிகையும் தோட்டமும் அமைத்தார். ஷாமிலேயே தங்கிவிட்ட அவருடைய சகோதரி, தூதர் வழியாகப் பரிசுகள் அனுப்பியபோது அவற்றோடு ருஸாஃபாவின் மாதுளங்கனிகளையும் சேர்த்து அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர் உரைப்பர். தமையனின் நெஞ்சறிந்து தெரிந்தெடுத்த பரிசு அது.

அரசர் அக்கனிகளை அவையோர்க்குக் காட்டிப் பெருமிதம் கொண்டார். அவையில் இருந்த ஸஃபர் இப்னு உபைத் என்பவர் தமக்குக் கிடைத்த பங்கைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்று, விதைகளைப் பக்குவம் செய்து விதைத்தார். முளைத்த கன்றைப் பேணி வளர்த்து, அது காய்த்தபோது கனியைக் கொணர்ந்து அரசர் முன் வைத்தார். ஷாமிலிருந்து வந்த கனியும் இக்கனியும் ஒன்றுபோலவே இருக்கக் கண்டு வியந்த அரசர், அவருக்கு வெகுமதி அளித்து, அம்மாதுளையைத் தம் ருஸாஃபாத் தோட்டத்திலும் நடச் செய்தார். ‘ஸஃபரீ’ என்று அவர் பெயராலேயே அம்மாதுளை வழங்கலாயிற்று. ஸ்பானிய மொழியிலும் ‘ஸஃபரி’ என்ற சொல் மாதுளை வகையொன்றின் பெயராக நிலைபெற்றுவிட்டது. உமையா அரசு அங்கிருந்து மறைந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகியும், ஒரு சகோதரியின் அன்பளிப்பு பெயரழியாமல் நிற்கிறது. சகோதரி கனியைத்தான் அனுப்பினார்; அதனை மரமாக்கியது பெற்றுக்கொண்டவரின் பொறுமை.

அதே குர்துபாவுக்கு, மூன்றாம் அப்துர் ரஹ்மான் கலீபாவாக இருந்த காலத்தில், கி.பி. 948ஐ ஒட்டிப் பைஸாந்தியப் பேரரசரிடமிருந்து ஓர் அரிய நூல் பரிசாக வந்தது. கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் இயற்றிய மூலிகை நூல் அது. செடிகளின் வண்ணப் படங்கள் நிறைந்தது. அந்நூலின் அரபு மொழிபெயர்ப்பு ஏற்கெனவே பக்தாதில் உருவாகியிருந்தது. ஆயினும் அரபுப் பெயர் தெரியாத செடிகள் பல அதில் கிரேக்கப் பெயராலேயே விடப்பட்டிருந்தன. இப்போது மூலநூலே கைக்கு வந்தும், பண்டைக் கிரேக்கம் படிக்க வல்லார் குர்துபாவில் ஒருவருமில்லை. நூல் கருவூலத்தில் உறங்கியது.

கலீபா வேண்டிக்கொண்டதன்பேரில், 951இல் நிக்கோலஸ் என்னும் துறவியைப் பேரரசர் அனுப்பிவைத்தார். அந்தக் கிறிஸ்தவத் துறவியும், யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும், முஸ்லிம் மருத்துவர்களும் கூடி அமர்ந்து, எந்தப் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்று ஒவ்வொன்றாக ஆய்ந்து தெளிந்தனர். இவ்வரலாற்றை எழுதி வைத்த இப்னு ஜுல்ஜுல், அவர்களோடு பழகிய மருத்துவரே. அங்கே செழித்த மூலிகைக் கல்வியின் வழியில் தோன்றிய மேதைதான், 1,400 அளவிலான மருந்துப் பொருள்களைத் தொகுத்துரைத்து, 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார். நூலைக் கொடுத்தது பாதிக் கொடை. கற்பிக்க ஆள் அனுப்பியதே அதனை நிறைவாக்கிய மறுபாதி.

மண்ணறிந்து நடுவதற்கு முகலாய மன்னர் பாபரை நாம் எடுத்துக்காட்டலாம். 1508-09இல் காபூல் அரசின் எல்லைக்குள் ஆதினாப்பூரில் ‘பாகே வஃபா’ என்னும் தோட்டத்தை அவர் அமைத்தார். பின்னர் லாகூரை வென்றபோது வாழைக் கன்றுகளைக் கொணர்ந்து அங்கே நட்டார். அதற்கு முந்திய ஆண்டில் நட்ட கரும்பும் செழித்தது. அதில் ஒரு பகுதியைப் புகாராவுக்கும் பதக்ஷானுக்கும் அனுப்பியதாகத் தம் நினைவு நூலில் குறித்திருக்கிறார். அத்தோட்டம் உயரத்தில் இருப்பதையும், அருகில் நீர் ஓடுவதையும், குளிர்காலம் கடுமையற்றிருப்பதையும் அங்கேயே எழுதி வைத்தார். இடத்தின் இயல்பு தெரிந்த கையே நட்டதைப் பிழைக்க வைக்கும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், நம் பெருநாள்களுக்கு நாம் பெறவேண்டிய படிப்பினை தெளிவாகிறது. செடியைப் பரிசளிப்பவர் முதலில் பெறுபவரின் வாசலைப் பார்க்கவேண்டும். முற்றமில்லாத மாடி வீட்டாருக்கு ஒரு தொட்டியில் திருநீற்றுப்பச்சை போதும். சுமையற்றது, மணம் மிக்கது. பெருநாள் இரவில் கை சிவக்கக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மருதாணிக் கன்று பொருந்தும். கொல்லையும் கிணறும் உள்ளவர்க்கு மாதுளையோ எலுமிச்சையோ தரலாம். குனிந்து நிமிர இயலாத முதியவருக்குக் கொடுப்பதானால், குழி தோண்டி நட்டுவிட்டு வருவது கொடுப்பவரின் கடமை. செடிகளை நேசித்தும் வளர்க்கும் முறை அறியாதவருக்கு நல்ல நூலொன்றோ, கூட இருந்து சொல்லிக்கொடுக்கும் ஒரு மாலைப்பொழுதோ கன்றைவிடப் பெரிய பரிசாகும். தண்ணீருக்கே தவிக்கும் குடும்பத்துக்கு நிழல்மரம் கொடுத்துப் பெயர் வாங்குவது ஈகையாகாது; அது அவர்கள் தலையில் ஏற்றும் பாரம்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, கால்நடையோ, பறவையோ உண்டாலும் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழி. பெருநாள் ஆடை அடுத்த பெருநாளுக்குள் பழையதாகும். இனிப்பு அன்றே தீரும். வேர் பிடித்த கன்றோ கொடுத்தவரும் பெற்றவரும் மறைந்த பின்னும் காய்த்துக்கொண்டிருக்கும். வரும் பெருநாளில் நம் உறவினர் வீட்டுக்கு ஒரு கன்றோடு செல்வோம். செல்லும்போது மண்வெட்டியையும் மறவாமல் எடுத்துச் செல்வோம்.