நர்ஸிங் ஹோமும் அஞ்சு நட்சத்திரமும்

நம்ம ஊர்ல நர்ஸிங் ஹோம்னா என்ன? ஒரு டாக்டர் தம்பதி கீழே கிளினிக்கும் மேலே பத்துப் படுக்கையும் போட்டு நடத்துற சின்ன ஆஸ்பத்திரி. பிரசவம், குடல்வால் ஆபரேஷன், ரெண்டு பாட்டில் சலைன். அதனால பெரியம்மாகிட்ட அண்ணா "கொஞ்ச நாள் நர்ஸிங் ஹோம்ல இருக்கணும்மா"ன்னு சொன்னப்போ, பக்கவாதத்துல குழறின வாயோட அவங்க கேட்ட முதல் கேள்வி, "யாருக்குடா பிரசவம்?"

எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் சிரிப்பு வரலை.

அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேற. எழுந்து நடமாட முடியாதவங்களை, பெரும்பாலும் வயசானவங்களை, இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கிற இடம். ஆஸ்பத்திரியில் இருந்த சோஷியல் வொர்க்கர் அம்மா அண்ணா கையில ஒரு தாளைக் கொடுத்து, "இதுல மூணு இடத்தை டிக் பண்ணிக் கொடுங்க, நாளை மத்தியானம் டிஸ்சார்ஜ்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. தாளில் பதினாலு இடம். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நட்சத்திரம், ஹோட்டலுக்குப் போடுற மாதிரி. பெத்த அம்மாவை எங்கே விடுறதுன்னு முடிவு பண்ண ஒரு ராத்திரி டைம்!

இந்த நட்சத்திரத்தை யாரு போட்டாங்க, எதைப் பார்த்துப் போட்டாங்கன்னு அன்னிக்கு ராத்திரி தோண்ட ஆரம்பிச்சேன். அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கதை 'ஏழை விடுதி'யில் ஆரம்பிக்குது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிள்ளை இல்லாத, காசு இல்லாத கிழவர்கள் கடைசியாப் போய்ச் சேர்ற இடம் அது. அனாதைகள், மனநோயாளிகள், குடிகாரர்கள், முதியவர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. அங்கே போறதை அவமானமா நினைச்சாங்க. 1935ல் ரூஸ்வெல்ட் காலத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்போ, ஏழை முதியவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தாங்க. ஆனா அரசு விடுதியில் இருக்கிறவங்களுக்குக் கிடையாதுன்னு ஒரு நிபந்தனை. ஏழை விடுதிகளை ஒழிக்கணும்கிற நல்லெண்ணம்தான். நடந்தது என்னன்னா, உதவித்தொகை கையில் இருக்கிற கிழவர்களைத் தேடித் தனியார் விடுதிகள் முளைச்சுது. பெரிய வீடு வெச்சிருந்தவங்க நாலு கட்டிலைப் போட்டுக் கடையைத் திறந்தாங்க. இன்னிக்கும் அந்த நாட்டு நர்ஸிங் ஹோம்களில் பெரும்பாலானவை லாப நோக்கமுள்ள தனியார் நிறுவனங்களா இருக்கிறதுக்கு விதை அங்கேதான் விழுந்துச்சு. 1950ல் சட்டத்தைத் திருத்தி, மாநிலங்கள் இந்த இடங்களுக்கு லைசென்ஸ் கொடுக்க ஏற்பாடு பண்ணியாகணும்னு சொன்னாங்க.

1954ல் இன்னொரு திருப்பம். ஆஸ்பத்திரி கட்ட மானியம் கொடுத்துட்டிருந்த ஹில்-பர்ட்டன் சட்டத்தை, லாப நோக்கில்லாத நர்ஸிங் ஹோம்களுக்கும் விரிவுபடுத்தினாங்க. பணம் ஆஸ்பத்திரித் திட்டத்திலேர்ந்து வந்ததால கட்டடமும் அந்த அச்சிலேயே வந்துச்சு. நீளமான தாழ்வாரம், நடுவுல நர்ஸ் மேஜை, ரூமுக்கு ரெண்டு கட்டில், நடுவுல ஒரு திரை. நாங்க போய்ப் பார்த்த மூணு இடமும் அச்சு அசல் இப்படித்தான் இருந்துச்சு. பேர்ல மட்டும்தான் 'ஹோம்'.

லைசென்ஸ் இருந்தா ஆச்சா? 1963 நவம்பர் 23, கென்னடி சுடப்பட்ட மறுநாள். ஒஹையோ மாநிலத்தில் ஃபிட்ச்வில் என்கிற சின்ன ஊர்ல ஒரு நர்ஸிங் ஹோம் தீப்பிடிச்சு 63 பேர் செத்தாங்க. நாடே வேற துக்கத்தில் இருந்ததால அந்தச் செய்தி எங்கேயோ அமுங்கிப் போச்சு.

1965ல் ஜான்சன் கையெழுத்துப் போட்டு மெடிகேரும் மெடிகெய்டும் வந்தது. அரசுப் பணம் வெள்ளமா வர ஆரம்பிச்சுது. தரம் நிர்ணயிச்சாங்க, ஆனா முழுசாத் தேறின இடங்கள் கொஞ்சம்தான். எல்லாத்தையும் தள்ளிட்டா கிழவர்களை எங்கே வைக்கிறது? 'ஓரளவுக்கு ஒத்துப்போகுது'ன்னு ஒரு வார்த்தையைக் கண்டுபிடிச்சு உள்ளே விட்டுட்டாங்க. (எந்த ஊரா இருந்தா என்ன, அரசாங்கம்னா அரசாங்கம்தான்.)

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் டேவிட் ப்ரையர். ஆர்கன்ஸா மாநிலத்து எம்.பி. 1970 வாக்கில், தான் யாருன்னு சொல்லாமலே வாஷிங்டன் பக்கத்து நர்ஸிங் ஹோம்களில் போய் வேலை பார்த்திருக்கார். கண்ணால பார்த்ததை வெச்சு, முதியோருக்குன்னு ஒரு நாடாளுமன்றக் குழு வேணும்னு கேட்டார். கொடுக்கலை. மனுஷன் சளைக்காம ஒரு பெட்ரோல் பங்க் இடத்தில் டிரெய்லர் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, அதையே ஆபீசாக்கி விசாரணையை ஆரம்பிச்சுட்டார். பின்னாளில் கவர்னரா இருந்து, செனட்டரா ஆகி, 1989ல் செனட்டின் முதியோர் குழுவுக்கே தலைவராகவும் வந்தார்.

அடுத்தது ஒரு வழக்கு. 1975ல் கொலராடோவில் நர்ஸிங் ஹோம்வாசிகள் தரப்பில் போட்டது. பின்னாளில் 'ஸ்மித் எதிர் ஹெக்லர்'னு பேர் வாங்குச்சு. அவங்க வாதம் ரொம்ப எளிமை. இன்ஸ்பெக்டர் வந்து 'படுக்கைப் புண்ணைத் தடுக்க விதிமுறை இருக்கா'ன்னு ஃபைலைப் பார்க்கிறார், 'இருக்கு'ன்னு டிக் போடுறார். பக்கத்து ரூம்ல கிழவிக்கு முதுகெல்லாம் புண். அதைப் பார்க்கச் சொல்லி அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை! 1984ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு: நல்லாப் பார்த்துக்கிற வசதி இருக்கான்னு பார்த்தா போதாது, நிஜமா நல்லாப் பார்த்துக்கிறாங்களான்னு உறுதி செய்ய வேண்டியது அரசின் கடமை.

அதே சமயம், 1985ல், நர்ஸிங் ஹோம் சீர்திருத்தத்துக்காக வேலை செய்த ஒரு குடிமக்கள் கூட்டமைப்பு யாரும் செய்யாத ஒண்ணைச் செஞ்சுது. பதினைஞ்சு நகரங்கள்ல நானூறுக்கும் மேற்பட்ட நர்ஸிங் ஹோம்வாசிகளை உக்கார வெச்சு, 'நல்ல கவனிப்புன்னா உங்களுக்கு என்ன?'ன்னு கேட்டாங்க. கட்டடம், மெஷின் எதையும் அவங்க முதல்ல சொல்லலை. கனிவான, போதுமான ஆட்கள் வேணும்னாங்க. என்ன சாப்பிடறது, எப்போ எழுந்துக்கிறதுன்னு தாங்களே முடிவு பண்ணணும்னாங்க.

இதெல்லாம் சேர்ந்து 1986ல் மருத்துவக் கழகத்தின் அறிக்கையாகி, 1987 டிசம்பரில் ரீகன் கையெழுத்தில் நர்ஸிங் ஹோம் சீர்திருத்தச் சட்டமாச்சு. முன்னறிவிப்பில்லாத சோதனை அதிகபட்சம் 15 மாசத்துக்குள்ள ஒரு தடவை. உதவியாளருக்குக் குறைஞ்சது 75 மணி நேரப் பயிற்சி. ஒவ்வொருத்தர் உடம்பையும் மனசையும் பத்தி ஒரே மாதிரிப் படிவத்தில் மதிப்பீடு. முக்கியமா, ஆளுங்களைக் கட்டி வைக்கக் கூடாது. ஆமாங்க, அதுவரைக்கும் விழுந்துடுவாங்கன்னு சொல்லி நாற்காலியோட, கட்டிலோட சேர்த்துக் கட்டிப் போடுறது சர்வ சாதாரணம். மூணுல ஒருத்தருக்கு மேல அப்படிக் கட்டுண்டு கிடந்த காலம் அது. இன்னிக்கு அது அபூர்வம். ஒரு சட்டம் நிஜமாவே வேலை செஞ்சதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

இப்போ நட்சத்திரத்துக்கு வருவோம். 1998ல் அரசு சோதனை முடிவுகளை இணையத்தில் போட ஆரம்பிச்சுது. 2008 டிசம்பரில் அதையெல்லாம் சுருக்கி அஞ்சு நட்சத்திரமாக்கினாங்க. மூணு கணக்கு: இன்ஸ்பெக்டர் சோதனை, ஊழியர் எண்ணிக்கை, தரக் குறியீடுகள். முதல்ல சோதனை நட்சத்திரத்தை எடுத்துக்கிட்டு, மத்த ரெண்டையும் வெச்சுக் கூட்டிக் குறைப்பாங்க. அதாவது சோதனையில் மூணே வாங்கின இடம், மத்த ரெண்டுலயும் அஞ்சஞ்சு வாங்கிட்டா மொத்தத்தில் அஞ்சு நட்சத்திரம்! அதுவும் சோதனை நட்சத்திரம் மாநிலத்துக்குள்ள ஒப்பிட்டுப் போடுறது. மேலே இருக்கிற பத்து சதவீதத்துக்கு அஞ்சு, கீழே இருக்கிற இருபது சதவீதத்துக்கு ஒண்ணு. மாநிலமே மோசம்னாலும் யாராவது ஒருத்தர் முதல் ரேங்க் வாங்கித்தானே ஆகணும், நம்ம க்ளாஸ் மாதிரி.

சரி, ஊழியர் எண்ணிக்கையை யாரு சொன்னாங்க? ஆரம்பத்தில் அந்தந்த நர்ஸிங் ஹோமே! பரீட்சைத் தாளை மாணவனே திருத்தின கதை. 2014ல் நியூயார்க் டைம்ஸ் இதைப் போட்டு உடைச்சது. அப்புறம்தான் 2016லேர்ந்து சம்பளப் பட்டியலை வெச்சு ஆளெண்ணிக்கையைத் தரச் சொன்னாங்க. 2018லேர்ந்து நட்சத்திரத்துக்கு அந்தக் கணக்குதான். சனி, ஞாயிறுல எத்தனை பேர், வருஷத்துக்கு எத்தனை பேர் வேலையை விட்டு ஓடுறாங்கங்கிறதும் 2022ல் சேர்ந்தது. தரக் குறியீடுகளில் பெரும்பகுதி மட்டும் இன்னும் அந்தந்த இடம் எழுதிக் கொடுக்கிற மதிப்பீட்டை நம்பித்தான்.

அதுக்கு நடுவுல கோவிட். 2020 மார்ச்சில் உறவினர்கள் உள்ளே வரத் தடை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நர்ஸிங் ஹோம்வாசிகள் செத்தாங்க. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்னு அம்மாவுக்குக் கையாட்டின பிள்ளைகளை நாம டிவியில் பார்த்தோம். அதுக்கப்புறம், 2024ல், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 3.48 மணி நேரக் கவனிப்புன்னு விதி போட்டாங்க. 2025ல் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. 1985ல் அந்தக் கிழவர்கள் முதல்ல கேட்டதே ஆட்களைத்தான்.

நிற்க. நாங்க என்ன பண்ணோம்?

முதல்ல மொத்த நட்சத்திரத்தை மறந்துட்டு, சோதனை நட்சத்திரத்தையும் வார இறுதி ஊழியர் கணக்கையும் மட்டும் பார்த்தோம். பதினாலு மூணாச்சு. அன்னிக்கே சாயங்காலம் ஏழு மணிக்கு மேல, சொல்லாம கொள்ளாம மூணுக்கும் போனோம். பகல் பத்து மணிக்குப் போனா வரவேற்பறைப் பூச்செண்டுதான் தெரியும். கடைசிச் சோதனை அறிக்கை எல்லாரும் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருக்கணும், அன்னன்னிக்கு எத்தனை பேர் வேலையில் இருக்காங்கன்னு ஒட்டி வைக்கணும். ரெண்டுமே சட்டம். அஞ்சு நட்சத்திர இடத்தில் அறிக்கையைக் கேட்டதும், "மேனேஜர் காலையில் வருவார்"னாங்க. தாழ்வாரத்தில் ஒரு அழைப்பு மணி விளக்கு எரிஞ்சுட்டே இருந்துச்சு. வாட்ச்சைப் பார்த்தேன். பதினாறு நிமிஷம் யாரும் வரலை. கிளம்பிட்டோம்.

மூணு நட்சத்திர இடத்தில் பெயின்ட் உரிஞ்சிருந்துச்சு. ஆனா ஒரு உதவியாளர் அம்மா முழங்கால் போட்டு உக்காந்து, ஒரு தாத்தாவுக்குச் செருப்பு மாட்டிவிட்டுட்டு அவர் பேரைச் சொல்லிப் பேசிட்டிருந்தாங்க. எத்தனை வருஷமா இங்கே இருக்கீங்கன்னு கேட்டேன். பதினோரு வருஷமாம். அறிக்கை கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கிட்டிருந்துச்சு. குற்றங்களும் இருந்தது, சமையலறையில் ரெண்டு, மருந்து எழுதுறதில் ஒண்ணு. படிச்சுட்டுத்தான் டிக் பண்ணோம்.

பெரியம்மா ஏழு வாரம் இருந்தாங்க. சாப்பாடு மட்டும் கடைசி வரைக்கும் சரிப்படலை. அண்ணி தினமும் ரசம் சாதம் கொண்டு போனாங்க. தினமும் ஒருத்தர் வந்து போறாங்கன்னு அங்கே எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் பெரிய பாதுகாப்புன்னு இப்போ தோணுது. எந்த நட்சத்திரத்துலயும் இது வராது. யாரும் வராத எத்தனையோ பேர் அந்தத் தாழ்வாரத்தில் இருந்தாங்க, அதை நினைச்சாத்தான் என்னவோ பண்ணுது.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தாள் உங்க கைக்கும் ஒரு நாள் வரலாம். ஒரு ராத்திரி போதாது. அம்மா அப்பா நல்லா இருக்கும்போதே பக்கத்துல என்னென்ன இருக்குன்னு ஒரு தடவை நடந்து பார்த்துட்டு வந்துடுங்க. உங்க அனுபவம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, எனக்கும் இன்னும் கத்துக்க வேண்டியிருக்கு.