ஊர்வலத்தின் ஒழுங்கும் நகரின் வரலாறும்: கண்டி எசல பெரஹரா பற்றிய ஒரு நோக்கு

ஒரு நகரின் பழமையை ஆராய முற்படுவோர் கல்வெட்டுக்களையும் ஏட்டுச் சுவடிகளையும் இடிபாடுகளையுமே முதற்கண் நாடுவர். அந்நகர மக்கள் ஆண்டுதோறும் கூடி எடுக்கும் விழாவினை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் அரிது. விழா என்பது பக்திக்கும் களிப்புக்கும் உரியது, வரலாறு என்பது அறிவுக்கு உரியது என்ற பாகுபாடே இதற்குக் காரணமாகும். ஆயினும், சில விழாக்களில் எது முன்னே செல்கிறது, எது பின்னே செல்கிறது, யார் சுமக்கின்றனர், யார் பார்த்திருக்கின்றனர் என்ற வினாக்களை எழுப்பின், அரசியல் வரலாற்றின் பல பக்கங்கள் விளக்கம் பெறுகின்றன. கண்டி நகரில் எசல மாதத்தில் நிகழும் பெரஹரா அத்தகைய விழாக்களுள் ஒன்றாகும்.

மலைகளாலும் மகாவலி கங்கையாலும் சூழப்பட்ட கண்டி, பரப்பிற் சிறியதொரு நகரம். செங்கடகல என்று வழங்கிய இவ்வூர் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1815 வரை மலைநாட்டு அரசின் தலைநகராக விளங்கியது. தலதா மாளிகையைச் சூழ்ந்து நான்கு தேவாலயங்கள் இங்கு அமைந்துள்ளன. நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினித் தெய்வம் ஆகியோருக்கு உரியவை அவை. நாத தேவாலயத்தின் கட்டடம் பதினான்காம் நூற்றாண்டினது எனக் கொள்ளப்படுகிறது. நகரில் இன்று எஞ்சியுள்ள கட்டடங்களுள் அதுவே மிகப் பழையது. ஆகவே, புனித தந்தம் கண்டிக்கு வருவதற்கு முன்பே இந்நகரிற் காவற் தெய்வ வழிபாடு நிலைகொண்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

பெரஹராவின் சடங்குகளை நோக்குவார்க்கு இவ்வுண்மை மேலும் தெளிவாகும். விழாவின் தொடக்கம் ‘கப்’ நாட்டலாகும். முறைப்படி வெட்டிய மரத்தின் துண்டுகள் நான்கு தேவாலயங்களிலும் நாட்டப்படுகின்றன. சில நாட்கள் தேவாலய வளவுகளுள்ளேயே ஊர்வலம் நடைபெறும். அதன் பின்னரே கும்பல் பெரஹரா ஐந்து இரவுகளும், ரந்தோலி பெரஹரா ஐந்து இரவுகளும் வீதிக்கு வருகின்றன. இறுதியில், விடியற்பொழுதில் கெட்டம்பேத் துறையில் மகாவலி கங்கையின் நீரை வாளால் வெட்டி, வெட்டிய இடத்து நீரைக் குடத்தில் முகந்து, அடுத்த ஆண்டு வரை தேவாலயத்திற் காத்து வைக்கின்றனர். கொடியேற்றத்துடன் தொடங்கித் தீர்த்தத்துடன் நிறைவுறும் சைவக் கோயில் மகோற்சவத்தை அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. மழையும் விளைவும் வேண்டி எடுக்கப்பட்ட தொன்மையான விழாவொன்றின் சுவடுகள் இங்கே புலப்படுகின்றன என ஆய்வாளர் கருதுவர். சடங்கின் தொடக்கமும் முடிவும் தேவாலயங்களுக்கே உரியன. தலதா மாளிகைக்கு அல்ல.

எழுத்துச் சான்றும் இதற்கு அரண் செய்கின்றது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிற் பெரஹராவை விரிவாக வருணித்துள்ளார். யானைகளையும் மேளகாரரையும் ஆடுவோரையும் படைவீரரையும் அவர் குறிப்பிடுகின்றார். ஊர்வலத்தில் எழுந்தருளும் தெய்வங்களையும் குறிப்பிடுகின்றார். புனித தந்தத்தை மட்டும் அவ்வூர்வலத்திற் குறிப்பிட்டாரில்லை. அவர் தரும் மற்றொரு செய்தி இன்னும் ஆழமானது. 1664ஆம் ஆண்டில் இரண்டாம் இராஜசிங்கன் இவ்விழாவை நடத்த விரும்பவில்லை. அவ்வாண்டிலேயே அவனுக்கெதிராகக் கிளர்ச்சி மூண்டது. அதன் பின்னர் மன்னன் விழாவைத் தடுக்கவில்லை என்பதே அச்செய்தி. கிளர்ச்சிக்கு வேறு காரணங்கள் இருந்திருத்தல் கூடும். ஆயினும் விழாவும் ஆட்சியுரிமையும் அக்கால மக்கள் மனத்தில் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பெரஹரா இன்றைய வடிவினைப் பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டிலாகும். 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய மைந்தனின்றி இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அரசியின் உடன்பிறந்தான் அரியணை ஏறினான். இவ்வாறு தொடங்கிய நாயக்கர் மரபின் இரண்டாம் மன்னனே 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதை முறையினை மீள நிறுவும் பொருட்டு அவன் சீயத்திலிருந்து பிக்குமாரை வரவழைத்தான். 1753இல் உபாலி தேரரும் அவருடன் வந்தோரும் கண்டியை அடைந்தனர். தெய்வங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த பெரஹராவைக் கண்டு அவர்கள் வியப்புற்றனர் என்றும், அதன் விளைவாகப் புனித தந்தம் ஊர்வலத்தின் தலைப்பகுதியில் செல்ல வேண்டுமென மன்னன் கட்டளையிட்டான் என்றும் மரபு கூறும். அன்று தொட்டு மாளிகையின் பெரஹரா முன்னும், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பெரஹராக்கள் அடுத்தடுத்துப் பின்னும் செல்வது வழக்காயிற்று.

இம்மாற்றத்திற் கவனிக்க வேண்டியது யாதெனில், புதியது முன்னே வைக்கப்பட்டதேயன்றிப் பழையது வெளியேற்றப்படவில்லை என்பதாகும். தேவாலயங்கள் தம் இடத்தை இழந்தன. தம் உரிமையை இழக்கவில்லை. மற்றொன்றும் உண்டு. பௌத்த சமயத்துக்கு இத்துணைத் தொண்டு புரிந்த அம்மன்னனுக்கெதிராகவே 1760இற் பிரதானிகளும் பிக்குமாரும் சிலர் கூடிச் சதி செய்தனர். அவன் தமிழன் என்பதும், திருநீறு அணியும் வழக்கத்தைக் கைவிடாதவன் என்பதும் அவன்மீது சுமத்தப்பட்ட குறைகளுள் அடங்கும். சிங்கள பௌத்தத் தலைநகரின் தலையாய விழாவுக்கு இன்றைய ஒழுங்கினை வகுத்தவன், அத்தலைநகரிற் சிலரால் அந்நியன் எனக் கருதப்பட்டவனே என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

1815 மார்ச் 2ஆந் திகதி கைச்சாத்தான ஒப்பந்தத்தின் மூலம் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. அவ்வொப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு பௌத்த சமயத்தின் உரிமைகளைப் பேணுவதாக உறுதியளித்தது. புனித தந்தத்தை உடையவரே நாட்டை ஆளும் உரிமை உடையவர் என்னும் நம்பிக்கையின் வலிமையை ஆங்கிலேயர் 1817–1818 கிளர்ச்சியிற் கண்டறிந்தனர். இரகசியமாக அகற்றப்பட்டிருந்த புனித தந்தம் 1818இல் அவர்கள் கைக்கு மீண்டது. அதன் பின்னர் அரசாங்கமே அதன் காவலாளராக இருந்தது. கிறித்தவ அரசொன்று பௌத்த வழிபாட்டுக்குத் துணை நிற்பதோ என மிசனரிமார் கண்டனக் குரல் எழுப்பினர். இக்கண்டனங்களின் விளைவாக 1853இற் புனித தந்தத்தின் பொறுப்பு பௌத்தர்களிடமே கையளிக்கப்பட்டது. மன்னன் நின்ற இடம் வெறுமையாயிற்று. அவ்விடத்தைத் தியவதன நிலமே நிரப்பலானார். முன்னர் மன்னனால் நியமிக்கப்பட்ட அப்பதவிக்குரியவர், 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தெரிவு செய்யப்படுபவரானார். அரசு அழிந்த பின்னும் அரச விழா அழியாது நின்றது.

அது நின்றதற்குப் பொருளியற் காரணமும் உண்டு. மாளிகைக்கும் தேவாலயங்களுக்கும் மன்னர்கள் வழங்கிய நிலங்களை உழுவோர், அவற்றுக்கு ஈடாகச் சேவை செய்யக் கடமைப்பட்டிருந்தனர். மேளம் முழக்குதல், பந்தம் பிடித்தல், கொடி தாங்குதல், ஆடுதல் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடிக்கு உரியதாய், பெரும்பாலும் சாதி அடிப்படையில் வகுக்கப்பட்டிருந்தது. 1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டபோதும் விகாரை, தேவாலய நிலங்களின் சேவை முறைக்கு விலக்களிக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சேவைக்குப் பதிலாகப் பணம் செலுத்தவும் வழி செய்தது. பெரஹராவின் முன்பகுதியில் யானை மீதமர்ந்து செல்லும் பெரமுனேரால என்பவர் ஏந்தும் ஓலைச்சுவடி, நிலங்களையும் சேவைகளையும் பதிந்த ஏட்டின் அடையாளமாகும். கொப்பரைப் பந்தங்களின் ஒளியிற் கண்கவர் காட்சியாகத் தோன்றும் ஊர்வலம், உண்மையில் நிலவுடைமை அமைப்பொன்றின் நடமாடும் பதிவேடு எனலாம். யானையின் அணிகலன்களை வியக்கும் கண்கள், அதன் இருமருங்கும் பந்தம் பிடித்து நடப்பவனையும் காணுதல் வேண்டும். அவனுடைய முன்னோர் விரும்பி மட்டுமே அங்கு நடந்தாரல்லர்.

தமிழ் மாணவர் சிறப்பாக நோக்கற்பாலது ஊர்வலத்தின் கடைசியில் வரும் பத்தினி தேவாலயப் பெரஹராவாகும். மரபுப்படி பெண்கள் ஆடிச் செல்வது இதிலேயே. பத்தினித் தெய்வமென இங்கு வணங்கப்படுபவள் சிலப்பதிகாரத்துக் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் கலந்துகொண்டான் எனச் சிலப்பதிகாரம் கூறும். சிங்கள மரபோ கயவாகுவைச் சோழ நாட்டின்மேற் படையெடுத்துச் சிறைப்பட்டோரை மீட்டு, பத்தினியின் சிலம்பையும் உடன் கொணர்ந்த வெற்றி வீரனாகச் சித்திரிக்கும். ஒரே மன்னன் ஒரு மரபில் விருந்தினனாகவும் மற்றொரு மரபிற் படையெடுத்தவனாகவும் தோன்றுகிறான். இரு கதைகளும் பகைமையையும் உறவையும் வெவ்வேறு அளவிற் பேசினும், இறுதியில் ஒரே தெய்வத்தின் முன் வந்து நிற்கின்றன. மட்டக்களப்பில் வைகாசித் திங்களிற் குளிர்த்தி பாடி வணங்கப்படும் கண்ணகையம்மனும், கண்டி வீதியில் யானை மீது எழுந்தருளும் பத்தினியும் வேறு வேறானவரல்லர். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய நூல் இத்தொடர்பினை விரிவாக ஆராய்ந்துள்ளது.

நீர்வெட்டு நிறைவுற்ற பின் நிகழ்வதொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. கெட்டம்பேயிலிருந்து திரும்பும் தேவாலய ஊர்வலங்கள் நேரே தத்தம் தேவாலயங்களுக்குச் செல்வதில்லை. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலே தங்கி, அங்கிருந்தே பிற்பகலிற் பகற் பெரஹராவுக்குப் புறப்படுகின்றன. இதனை எவரும் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை. வழக்கம் என்று சொல்லி அமைவர். அவ்வழக்கமே வரலாற்றின் சிறந்த சாட்சியாகும். ஒற்றுமையை வற்புறுத்தும் மேடைப் பேச்சுக்களுக்கு வாய்க்காத உறுதி, ஆண்டுதோறும் ஓரிடத்தில் நின்று செல்லும் கால்களுக்கு வாய்த்துவிடுகிறது.

எனவே, கண்டிப் பெரஹராவைத் தொன்றுதொட்டு மாறாது வந்ததொன்றாகக் கொள்வது பிழை. மழை வேண்டிய உழவரும், தெய்வங்களைக் காவலாகக் கொண்ட மன்னரும், மதுரையிலிருந்து வந்த மரபினரும், சீயத்துப் பிக்குமாரும், குடியேற்ற ஆட்சியினரும் அதன்மேற் தத்தம் சுவடுகளைப் பதித்துள்ளனர். இவர்களுள் ஒரு சாராரை மட்டும் அதன் உரிமையாளராகக் காட்ட முனைவோர், ஊர்வலத்தின் ஒரு பகுதியை மட்டும் பார்த்து வீடு திரும்பியவர்க்கு ஒப்பாவர். முழு வரலாற்றையும் அறிய விரும்புவோர் கடைசிப் பந்தம் கடந்து செல்லும் வரை வீதியில் நின்றே ஆதல் வேண்டும்.