லயத்து ஜெபமும் பங்குப் பணியும்

கெடாவில் கத்தோலிக்க சபை பால்மரத்துக்கும் முந்தியது. அன்று பிரெஞ்சுக் குருக்கள் நடத்திய சிறு கூட்டம் 1786இல் பினாங்குக்குப் பெயர்ந்தது.

பின்னாளில் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்க்குப் பூசை கிடைப்பது என்றோ ஒரு நாள்தான்; அதுவும் லத்தீனில். செபமாலைக்கும், பிள்ளைகளின் ஞானோபதேசத்துக்கும், சாவு வீட்டுச் செபத்துக்கும் உபதேசியாரே துணை.

1965இல் முடிந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாகப் பூசை தமிழுக்கு வந்தது. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியக் குருக்கள் பினாங்கில் ஒரு மாதம் கூடினார்கள். அண்டை வீட்டார் சேர்ந்து செபிக்கும் சிறு கூட்டங்களைப் பங்கின் அடித்தளமாக்கவும், ஏழைகளுக்குத் துணைநிற்கவும், பிற சமயத்தாரோடு உறவாடவும் தீர்மானித்தார்கள். லயத்தில் வாழ்ந்த நமக்கு இதில் புதிதென்ன?

ஆனால் தோட்டங்கள் மறைந்து, சுங்கைப்பட்டாணி, கூலிம் தாமான்களுக்கு நாம் சிதறியபோது, அடுத்த வீட்டில் யாருக்கு நோய் என்பதே தெரியாமற்போயிற்று. அங்கேதான் அந்தச் சிறு கூட்டம் தேவைப்பட்டது.