ஒன்பது அங்குலச் சதுரம்



எங்கள் வீட்டு மாடியில், தம்பியின் அறைச் சுவரில், பல ஆண்டுகளாக ஒரு கறை இருந்தது. யாரோ தேநீரை ஊற்றிவிட்டது போன்ற மண்ணிறக் கறை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது கொஞ்சம் பெரிதாகும். அப்பா மூன்று முறை வெள்ளைப் பெயின்ற் அடித்தார். மூன்று முறையும் அது திரும்பி வந்தது. "ஆரோ செய்வினை செய்துபோட்டினம்" என்று அம்மம்மா பகிடி விட்டார்.

போன ஒக்ரோபரில் அப்பா ஒருவழியாகப் புகைக்கூடு துடைப்பவர் ஒருவரை அழைத்தார். அவர் அந்தச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "இதற்குப் பின்னால் கீழ் அறையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு பொந்து போகிறது" என்றார். அதுவரை எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது!

எங்கள் வீடு லண்டனில் 1898-ல் கட்டிய வரிசை வீடு. கீழே ஒரு காலத்தில் நிலக்கரி எரித்த கணப்பு அடுப்பு இருந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் கூரை வேலைக்கு வந்த ஒருவர், "இனி இது தேவையில்லை" என்று சொல்லி, புகைக்கூட்டைக் கீழேயும் மேலேயும் சீமெந்தால் இறுக்கி அடைத்துவிட்டுப் போயிருந்தார். பிழை அதுதான். பழைய செங்கல் மழையைக் குடிக்கும், பிறகு காற்றில் காயும். இரண்டு பக்கமும் அடைத்தால் காய வழியில்லை. உள்ளே படிந்திருக்கும் பழைய கரியில் உப்புகள் உண்டு. அவை ஈரத்தை இழுத்துக்கொண்டு சுவர் வழியாக வெளியே வரும். அதன்மேல் எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் கறை நிற்காது.

திருத்த வேலை இரண்டு நாள் நடந்தது. முதலில் துடைப்பவர் பழைய கரியை இறக்கினார். பிறகு கூரை வேலைக்காரர் வந்தார். மேலே இருந்த சீமெந்தை உடைத்து, மழை புகாமல் காற்று மட்டும் போகும் தொப்பி போன்ற மூடி வைத்தார். கீழே காற்றுக்கு ஒரு சிறிய கம்பித் திறப்பு. கற்களுக்கு இடையில் சுண்ணாம்புச் சாந்து. கூரையும் புகைக்கூடும் சந்திக்கும் இடத்தில் வெடித்துப்போயிருந்த ஈயத்தகட்டுக்குப் பதில் புதியது.

நான் எழுத வந்தது முதல் நாள் நடந்ததைப் பற்றி. துடைப்பவர் கம்பில் கம்பைப் பொருத்தித் தூரிகையை மேலே தள்ளிக்கொண்டே, "ஓடிப்போய் வெளியில் நின்று பார்" என்று தம்பியிடம் சொன்னார். தம்பி காலணிகூடப் போடாமல் ஓடினான். கூரை உச்சியில் முள்ளம்பன்றி தலை நீட்டுவது போல அந்தத் தூரிகை வெளியே வந்தது. உள்ளே வந்ததும் அவன் கேட்டான்: "இந்தத் தூரிகை இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?"

அவர் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "உன்னைப் போன்ற பையன்களை உள்ளே ஏற்றினார்கள்."

அன்று இரவே நான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

கூரையில் ஓட்டை, பிறகு கூடு

அம்மம்மாவின் யாழ்ப்பாணத்துக் குசினியிலும் புகைக்கூடு இருந்தது. பன்னாடையும் தென்னம்பாளையும் எரித்த புகை அதன் வழியே போகும். அங்கே அடுப்பு சமையலுக்கு மட்டும்தான். இங்கே குளிரில் உயிரோடு இருக்கவும் நெருப்பு வேண்டும்.

பழைய இங்கிலாந்து வீடுகளில் நெருப்பு அறையின் நடுவில் எரிந்தது. புகை கூரை வழியே மெதுவாக வெளியேறும், இருப்பவர்களின் கண் எரியும். சாதாரண மக்களின் வீடுகளில் புகைக்கூடு பரவலாக வந்தது 16-ஆம் நூற்றாண்டில்தான். எசெக்ஸில் ஒரு கிராமத்துப் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன் 1577-ல் வெளியான தன் நூலில், தன் ஊர் முதியவர்கள் வியந்து பேசும் மாற்றங்களில் ஒன்றாகப் புதிய புகைக்கூடுகளின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டார்.

புகைக்கூடு வந்தால் வரியும் வருமல்லவா? 1662-ல் அரசு ஒவ்வொரு அடுப்புக்கும் வருடத்துக்கு 2 ஷில்லிங் வரி போட்டது. அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து அடுப்பை எண்ணினார்கள். மக்கள் இதை வெறுத்தார்கள். 1689-ல் அந்த வரி நீங்கியது.

இதற்கிடையில் விறகு விலை ஏற, லண்டன் மக்கள் நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்த நிலக்கரிக்கு மாறினார்கள். நிலக்கரி நன்றாக எரியப் புகைவழி ஒடுக்கமாக இருக்க வேண்டும். 1666-ல் பெருந்தீயில் நகரம் எரிந்தபின் செங்கல்லில் மாடி வீடுகள் எழுந்தன. அறைக்கு ஓர் அடுப்பு, அடுப்புக்கு ஒரு புகைவழி. அவை சுவருக்குள் வளைந்து நெளிந்து மேலே போயின. பல புகைவழிகளின் அளவு 14 அங்குலத்துக்கு 9 அங்குலம், அதாவது ஒன்றரைச் செங்கல்லுக்கு ஒரு செங்கல். சில வெறும் 9 அங்குலச் சதுரம்.

அதற்குள் கரி படியும். துடைக்காமல் விட்டால் ஒருநாள் அந்தக் கரியே தீப்பிடிக்கும். ஆகவே யாராவது உள்ளே போக வேண்டும். அந்த அளவுப் பொந்துக்குள் போகக்கூடியது குழந்தை மட்டும்தான்.

ஏறும் பையன்கள்

அவர்களை 'ஏறும் பையன்கள்' என்றே அழைத்தார்கள். அநாதைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் தொழில் பழகும் பிள்ளைகளாக ஒரு முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். பெண்பிள்ளைகளும் சிலர் இருந்தார்கள். ஒரு கையை மேலே நீட்டி, முழங்காலாலும் முழங்கையாலும் சுவரில் உந்தி உந்தி ஏற வேண்டும். தோல் உரிந்து இரத்தம் வரும். தோல் தடிக்க வேண்டும் என்று உப்புநீர் தடவி, நெருப்பின் முன் நிறுத்தித் தேய்ப்பார்கள். இறக்கிய கரியை முதலாளிகள் விவசாயிகளுக்கு உரமாக விற்றார்கள். இரவில் பையன்கள் அந்தக் கரிமூட்டைகளின் மேலேயே படுத்தார்கள்.

1775-ல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பொட் ஒன்றைக் கவனித்தார். இந்தத் தொழில் செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் ஒருவகைப் புற்றுநோய் வந்தது, அதற்குக் காரணம் தோலில் படிந்த கரி. ஒரு தொழிலே புற்றுநோயைத் தரும் என்று மருத்துவ உலகம் அறிந்தது அப்போதுதான். ஆகவே இது கெடுதல் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது.

சட்டம் வந்தது, பையன்கள் இறங்கவில்லை

1788-ல் முதல் சட்டம் வந்தது: எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது. ஜோனாஸ் ஹான்வே என்ற வணிகர் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது. அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. துடைக்கும் முதலாளிகள் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும் என்ற பிரிவும் அதில் இருந்தது. பிரபுக்கள் சபை அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. அது இல்லாமல் யார் எங்கே யாரை ஏற்றுகிறார் என்று கண்காணிக்க ஆளில்லை.

1803-ல் ஜோர்ஜ் ஸ்மார்ட் என்பவர் கம்புகளைக் கயிற்றில் கோத்த ஒரு தூரிகைக் கருவியைச் செய்தார். 1828-ல் பிரிஸ்டலைச் சேர்ந்த ஜோசப் கிளாஸ் பிரம்புகளை ஒன்றோடொன்று பொருத்தும் இன்னும் நல்ல கருவியைச் செய்தார். எங்கள் வீட்டுக்கு வந்தது அதன் பேரப்பிள்ளைதான்.

கருவி கையில் இருந்தும் பையன்கள் இன்னும் பல பத்தாண்டுகள் ஏறினார்கள். ஏன்? நான் முதலில் முதலாளிகளைத்தான் கோபித்தேன். படிக்கப் படிக்க வீட்டுக்காரர்களும் தெரிந்தார்கள். தூரிகை போட்டால் கம்பளத்தில் கரி கொட்டும் என்றார்கள். வளைந்த புகைவழிகளில் கருவி போக, சுவரில் சிறிய இரும்புக் கதவுகள் வைத்துத் திருத்த வேண்டும். அதற்குச் செலவாகும். பையனை ஏற்றினால் செலவில்லை. 1819-ல் பொதுமக்கள் சபை ஏற்ற தடைச் சட்டவரைவைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. பெரிய மாளிகைகளும் நிறைய வளைந்த புகைவழிகளும் யாரிடம் இருந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

1834-ல் இன்னொரு சட்டம். 1840-ல் இன்னொன்று: 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் ஏற்றக் கூடாது. 1864-ல் தண்டனையைக் கூட்டி மீண்டும் ஒன்று. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு இதற்காகப் பல பத்தாண்டுகள் மன்றாடினார். பையன்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

ஃபுல்போர்ன், 1875

1875 பெப்ரவரியில், கேம்பிரிட்ஜுக்கு அருகே ஃபுல்போர்ன் மனநல மருத்துவமனையின் புகைவழியைத் துடைக்க வில்லியம் வையர் என்ற முதலாளி ஒரு பையனை ஏற்றினார். பெயர் ஜோர்ஜ் புரூஸ்டர். வயது 11. அவன் உள்ளே சிக்கிக்கொண்டான். சுவரை உடைத்து வெளியே எடுத்தார்கள். சிறிது நேரத்தில் இறந்துபோனான். வையருக்கு ஆறு மாதக் கடூழியச் சிறை.

அதே ஆண்டு ஷாஃப்ட்ஸ்பரி கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. இந்த முறை துடைப்பவர் ஒவ்வொருவரும் பொலிஸிடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். சட்டத்தை நடைமுறைப்படுத்துவதும் பொலிஸின் கடமை. 1788-ல் நீக்கப்பட்ட அதே பிரிவு, 87 ஆண்டுகள் கழித்து! அதன்பின்தான் பையன்கள் இறங்கினார்கள். 2025-ல் ஃபுல்போர்னில் ஜோர்ஜின் பெயருக்கு ஒரு நீலப் பலகை வைத்தார்கள்.

என் தம்பிக்கும் 11 வயது. நான் இதைச் சொன்னதும் அவன் ஒரு பெரிய அட்டையில் 9 அங்குலச் சதுரம் வெட்டினான். பக்கத்துக்கு 23 சென்ரிமீற்றர். நேராக நுழையத் தோள் விடவில்லை. ஒரு கையை மேலே நீட்டி, மூலைக்கு மூலை சரிந்து நுழைந்தான். தலை போனது, தோள் போனது, நெஞ்சில் சிக்கியது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. முதலில் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. நான் அட்டையைக் கிழித்து அவனை வெளியே எடுத்தேன்.

பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா கேட்டார்: "எங்கட வீட்டுக்குள்ளயும் பெடியனை விட்டவங்களோ?" இல்லை, எங்கள் வீடு 1898, சட்டத்துக்குப் பிறகு கட்டியது என்றேன். அவருக்கு நிம்மதி. எனக்கும் கொஞ்சம் நிம்மதிதான். ஆனால் 1875-க்கு முன் கட்டிய எத்தனையோ வீடுகளில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சுவர்களுக்கு வேறு கதை.

அடைத்த அடுப்புகள்

பிறகு என்ன ஆனது? 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் கலந்து லண்டனை மூடின. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணித்தார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. மெல்ல மெல்ல வீடுகள் காஸ் சூடாக்கிக்கு மாறின, கணப்பு அடுப்புகளைப் பலகை வைத்து அடைத்தார்கள். எங்கள் பெற்றோர் போரிலிருந்து தப்பி வந்து இந்த வீடுகளை வாங்கியபோது, சுவருக்குள் இருந்த பொந்தைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்கிறேன். தெருவில் நின்று உங்கள் கூரையைப் பாருங்கள். உச்சியில் நிற்கும் மண்குழாய்களை எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரு குழாய்க்கு ஓர் அடுப்பு. குழாய் நான்கு, அடுப்பு ஒன்றுகூட இல்லை என்றால், மீதிக் கதை சுவருக்குள் இருக்கிறது. அடைத்த புகைக்கூட்டுக்கும் கீழும் மேலும் காற்று வேண்டும். விறகு அடுப்பு பாவிப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது துடைக்க வேண்டும், காய்ந்த விறகே எரிக்க வேண்டும், கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி வைக்க வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய கணப்பில் நீங்களாக நெருப்பு மூட்டிப் பார்க்காதீர்கள். ஜேர்மனியில் இருக்கும் நண்பர்களே, உங்களுக்கு இது புதிதல்ல. கறுப்பு உடையில் வரும் துடைப்பவர் அங்கே சட்டப்படி வந்து பார்ப்பார், புதுவருடத்தில் அவர் அதிர்ஷ்டத்தின் அடையாளமும்கூட.

தம்பியின் அறைச் சுவர் இந்தக் குளிர்காலம் காய்ந்துகொண்டிருக்கிறது. அது முழுதாகக் காயச் சில மாதம் எடுக்கும், அதுவரை பெயின்ற் அடிக்காதீர்கள் என்று அந்தத் துடைப்பவர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குத்தான் பொறுமை இல்லை. நான்காவது பெயின்ற் வாளி ஏற்கெனவே மாடிப்படிக்குக் கீழே வந்துவிட்டது. கிழிந்த அந்த அட்டையை மட்டும் தம்பி எறியவில்லை. பள்ளிக்கூட வரலாற்று வகுப்புக்குக் கொண்டுபோகப் போகிறானாம்.