தம்போய்க் காட்டின் விறகுக் கணக்கு

எரிபொருளின் உண்மையான விலை யாது, அதனை யார் கொடுக்கிறார்கள் என்று ஆராயும் பொருளாதார சாஸ்திரத்துக்கு இன்று உலகெங்கும் பெருமதிப்பு உண்டு. பருவநிலை மாற்றத்தை அந்தக் கணக்கினுள் கொண்டு வந்தமைக்காக வில்லியம் நார்தவுஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியருக்கு 2018-இல் நோபெல் பரிசும் கிடைத்தது. ஆயினும் அதன் பாலபாடத்தைக் கற்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை; ஜொகூர் பாருவை அடுத்த தம்போய் வட்டாரத்தின் பூர்வ சரித்திரமே போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்கூடாய், தெப்ராவ் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட இப்பிரதேசம், இன்று தொழிற்பேட்டையும் குடியிருப்பும் ஓயாத வாகனப் போக்குவரத்துமாக இருப்பினும், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருங்காடாகவே இருந்தது. 1844 முதல், ஜொகூரை நிர்வகித்த தெமெங்கோங் இப்ராஹிம் இந்த ஆற்றங்கரைகளைச் சீனத் தலைவர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கத் தொடங்க, ‘கங்சு’ எனப்பட்ட அத்தலைவர்களின் ஆதிக்கத்தில் மிளகும் கம்பிரும் பயிராயின. கம்பிர் என்பது வெற்றிலையோடு நம்மவர் மெல்லும் காசுக்கட்டிக்கு உறவுடையது. எனினும் ஐரோப்பாவில் தோல் பதனிடுவோர் விரும்பி வாங்கியதனால்தான் அதற்கு அத்தனை கிராக்கி உண்டாயிற்று.

இலையைப் பறித்த மாத்திரத்தில் அது சரக்காகிவிடாது. பெரிய இரும்புக் கொப்பரையில் இலையை இட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, சக்கையை வாரி மிளகுக் கொடிக்கு உரமாகப் போட்டு, சாறு கூழ்போல் இறுகியதும் ஆறவிட்டுக் கட்டிகளாக அறுத்து உலர்த்த வேண்டும். அந்த அடுப்புக்கு இரை, பக்கத்துக் காடு. பயிரிட்ட நிலத்துக்கு ஏறக்குறைய ஈடான பரப்புள்ள காடு விறகுக்கென்றே வேண்டியிருந்தது. பதினைந்து ஆண்டுகளில் மண்ணும் சாரமிழக்கும், விறகும் தீரும். தோட்டக்காரர் வேறிடம் பெயர்வார், விட்டுச் சென்ற நிலத்தில் லாலாங் புல் மண்டும். சிங்கப்பூரில் அவ்வாறு நிலத்தைத் தீர்த்துவிட்டுத்தான் பலரும் ஜலசந்தியைக் கடந்து ஜொகூருக்கு வந்தனர். அரிசிக்கும் அபினுக்கும் கடன் வட்டிக்கும் கறாராகக் கணக்கு வைத்த அந்த வர்த்தகத்தில், அழிந்த காட்டுக்கு மாத்திரம் பற்று எழுதப்படவில்லை.

கங்சு முறை 1917-இல் சட்டத்தினால் ஒழிந்தபோது ஜொகூரில் ரப்பர் வேரூன்றிவிட்டது. நம்மவர் லயங்களில் குடியேறிப் பால் மரம் சீவினர். மங்கில் சேர்ந்த பாலை உறையவைத்துத் தகடாக்கிய பின், நாலைந்து நாள் புகைக்கூடத்தில் உலர்த்தினால்தான் அது தேன் நிறத்துப் புகையூட்டிய ஷீட் ஆகும். தீ மிஞ்சினால் ஷீட் கொப்புளிக்கும், கூடமே பற்றிக்கொள்ளவும் கூடும். தீ தணிந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நடு இரவில் கட்டையை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் அந்தச் சூட்டை ஒரே நிலையில் காத்த தொழிலாளியின் சாமர்த்தியத்தை எந்தப் பொறியியல் நூல் பாராட்டியிருக்கிறது? பால் வற்றிய கிழ மரங்கள் அங்கே விறகாயின. பிற்காலத்தில் மூவார் நகரத்து நாற்காலி, மேசைத் தொழில் அதே மரத்துக்கு நல்ல விலை கொடுக்கலாயிற்று. அடுப்பில் போனதற்கும் ஒரு விலை இருந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

1965-இல் தரப்படுத்திய கட்டி ரப்பர் வந்தது. டீசல் உலர்த்திகளும் பெருக, விறகின் இடத்தை எண்ணெய் பிடித்தது. 1973-இல் எண்ணெய் விலை எகிறிற்று. மறு ஆண்டு மலேசியாவின் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் பிறந்தது. 1981-இல் எண்ணெயை மட்டும் நம்பியிராமல் நீர்மின் சக்தி, எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றையும் நாடும் கொள்கை வகுக்கப்பட்டது. அக்கொள்கையின் பயனாக எண்ணெயின் பங்கு குறைந்தது மெய். ஆனால் ஜொகூரின் தென்மேற்குக் கரையில் தஞ்சோங் பின் மின்நிலையம் இறக்குமதி நிலக்கரியை எரிக்கிறது. அடுப்பு மாறியதே ஒழிய, புகைக்குப் பற்று எழுதாத வழக்கம் மாறவில்லை. இரும்பு, எஃகு, எரிசக்தித் தொழில்களுக்கு 2026-க்குள் கரிம வரி விதிக்கப்படும் என்ற அறிவிப்பு, 2024 அக்டோபரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில்தான் வந்தது.

ஸ்கூடாயில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எரிசக்தி பயிலும் நம் மாணவருள் ஒருவரேனும், புகைக்கூடத்தில் வேலை செய்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, ஒரு நாள் ஷீட்டுக்கு எத்தனை வண்டி விறகு போயிற்று என்பதை அவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.